பாசித் தவளையும் ஒரு தும்மலும்

கிழக்குச் சரிவு முகாம்
ஜூன் 10

வாலுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால் மிச்சத்தையும் படித்துவிடு.

மூன்று வருஷமாக நம் இருவருக்கும் நடுவில் உன் அண்ணன்தான் தூது போய்க்கொண்டிருந்தார். இந்தத் தடவை கையை விரித்துவிட்டார். "நான் மைக் செட் போடுறவன். வாயே திறக்காதவனைக்கூட மேடையில பேச வச்சிருக்கேன். எங்க வீட்டு ரெண்டு பொம்பளைங்களைப் பேச வைக்க முடியல. நீயே எழுதிக்கோ" என்றார்.

நான் கிழக்குச் சரிவுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. வெயில் அடித்தால் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் உன் தகரக் கூரை தெரிகிறது. நேராகப் பார்த்தால் கூப்பிடு தூரம். சாலையில் சுற்றி வந்தால் ஒரு பகல் முழுக்க. அதனால் இதைச் சாமான் வண்டிக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் கடைசியில் வனத்துறையின் அனுமதிக் குழு கூடுகிறது. அதற்குள் பாசித் தவளை இந்த மலையில் உயிரோடு இருக்கிறது என்று நாம் காட்டாவிட்டால், பள்ளத்தின் குறுக்கே ரோப் கார் போட அனுமதி கொடுத்துவிடுவார்கள். ஒரு தூண் உன் ஈரப்பாறையில், இன்னொன்று என் ஈரப்பாறையில். வரைபடத்தைப் பார்த்துவிட்டேன்.

நல்ல செய்தியும் இருக்கிறது. உன் சரிவில் ஓர் ஆண் தவளை கத்துகிறது. மூடுபனி ஏறும் நேரத்தில் என் காதால் கேட்டேன். அது எந்தப் பாறை என்று நீ அடையாளம் வைத்துக் கொடுத்தால், கீழே ஆய்வகத்துக் குளிர் அறைக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்துவிடலாம். தூண் வந்தாலும் அதுவாவது தப்பும்.

யோசித்து எழுது. கோபத்தில் எழுதாதே.

அண்ணி


மேற்குச் சரிவு
ஜூன் 18

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. அடுப்புப் பற்றவைக்கலாம் என்று பார்த்தேன், இந்த மழையில் தாள் நமத்துப் போயிருந்தது.

அடையாளம் வைத்துத் தர முடியாது. காரணம் ஒன்று: என் சரிவில் ஆண் தவளை இல்லை. தினமும் நடக்கிறேன், எனக்குத் தெரியாதா? கத்துகிற தவளை இருப்பது தங்கள் சரிவில். போன வருஷம் முழுக்க ஒரு சத்தம் இல்லை. இந்த ஜூன் பிறந்ததிலிருந்து பனி ஏறினால் கேட்கிறது. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். அதைத் தாங்கள் பெட்டியில் போடப் பார்க்கிறீர்கள்.

காரணம் இரண்டு தங்களுக்கே தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் நான்கு தவளைகளை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனீர்கள். நான்கையும் புட்டியில்தான் திரும்பப் பார்த்தேன்.

இது தண்ணீரில் வாழ்கிற தவளை இல்லை, குளத்தில் இறக்கினால் முழி பிதுங்கும். பாறையிலிருந்து கசிகிற ஈரம், அதில் விரல் தடிமனுக்கு வளர்ந்த பாசி, அதன் மேல் வந்து உட்கார்கிற பனி, மூன்றும் சேர்ந்த இடத்தில் மட்டும் இருக்கும். முட்டையும் அந்தப் பாசிக்குள்தான். தலைப்பிரட்டையாக நீந்துகிற வேலையெல்லாம் கிடையாது, முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாகி வெளியே வரும். அந்தப் பாறையையும் பனியையும் தங்கள் குளிர் அறையில் எந்த அலமாரியில் வைப்பீர்கள்? தவளையை மட்டும் தூக்கிக்கொண்டு போவது, வீட்டைக் கொளுத்திவிட்டுக் கதவை மட்டும் காப்பாற்றினேன் என்கிற மாதிரி.

தங்கள் சரிவுத் தவளையைத் தொட்டால் நான் பள்ளத்தில் இறங்கி ஏறி வருவேன்.

இப்படிக்கு,
தங்கள் நாத்தனார்


கிழக்குச் சரிவு முகாம்
ஜூன் 27

வாலு,

கல்யாணத்துக்கு முன்னால் ஹாஸ்டல் அறையில் என்னை வாடி போடி என்று கூப்பிட்டவள், இப்போது 'தாங்கள்' என்கிறாய். அந்த 'தாங்கள்' கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கிறது. இருக்கட்டும்.

நான்கு தவளைகள் செத்ததற்கு நீ என்னைச் சாப்பாட்டு மேஜையில், உன் அண்ணன் முன்னால் கொலைகாரி என்றாய். அறையில் குளிர் இயந்திரம் நின்றுபோனது. அப்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன், இரண்டு கையாலும் ஐஸ் அள்ளிப் போட்டேன், பலிக்கவில்லை. இதை உன்னிடம் சொல்லப் பிடிக்கவில்லை. நீ கேட்கவும் இல்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது நீ எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்குத் தலைகால் புரியவில்லை, சந்தோஷத்தில். உன் பக்கம் எனக்குக் கேட்கிறது, என் பக்கம் உனக்குக் கேட்கிறது. அப்படியென்றால் ஒன்றல்ல, இரண்டு. அவரவர் காலடியில் இருப்பது அவரவருக்குக் கேட்காமல் போவது உண்டுதான், நாம் நடக்கிற அதிர்வில் அது வாயை மூடிக்கொள்ளும்.

நான் கேட்டதை அப்படியே எழுதுகிறேன், நீ கேட்டதோடு ஒப்பிட்டுப் பார். கூழாங்கல்லைக் கூழாங்கல்லால் தட்டுகிற மாதிரி ஐந்து தட்டு. ஒரு நிறுத்தம். பிறகு இரண்டு தட்டு. தடித்த குரல், நல்ல பெரிய ஆண். நாம் படிக்கிற காலத்தில் எடுத்த ஒலிப்பதிவை உன் அண்ணன் கட்டித் தந்த புது ஸ்பீக்கரில் போடுகிறேன். போட்டு நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் உன் பக்கத்திலிருந்து பதில் வருகிறது. ஒரு நாள் தவறுவதில்லை.

இரண்டு ஆண் தவளைகள் என்று குழுவுக்கு நேற்றே எழுதிப் போட்டுவிட்டேன். நீயும் உன் பங்குக்கு ஒன்று எழுதிவிடு. ஐஸ் பெட்டியைப் பற்றிப் பிறகு சண்டை போடலாம்.

அண்ணி


மேற்குச் சரிவு
ஜூலை 5

அண்ணி,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். பக்கத்தில் சுடச்சுட எதையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து தட்டு, நிறுத்தம், இரண்டு தட்டு. நான் கேட்பதும் அதேதான். இரண்டு தவளைகள் இவ்வளவு ஒற்றுமையாகக் கத்துமா என்று முதலில் பெருமைப்பட்டேன். இந்த வீட்டுப் பெண்களைவிட அதுகள் மேல் என்று நினைத்தேன். அப்புறம் அந்த நிறுத்தத்தை யோசித்தேன்.

அந்தப் பதிவு எடுத்த நாள் நினைவிருக்கிறதா? நீங்கள் மைக்கைப் பிடித்திருந்தீர்கள். தவளை ஐந்து முறை தட்டியது. நீங்கள் தும்மினீர்கள். பனி பட்டால் உங்களுக்குத் தும்மல் வரும் என்று ஹாஸ்டலில் பெயரே தும்மல்தான். தவளை பயந்து நிறுத்தியது. பிறகு மனசு கேட்காமல் இன்னும் இரண்டு தட்டிவிட்டுப் போனது. நாம் தும்மலை வெட்டி எடுத்துவிட்டோம். நிறுத்தம் மட்டும் மிச்சம்.

அந்த நிறுத்தம் தவளையுடையது இல்லை அண்ணி, உங்கள் மூக்குடையது.

என்னிடமும் அதே பதிவு இருக்கிறது. அண்ணன் எனக்கும் போன வருஷமே ஒரு ஸ்பீக்கர் கட்டித் தந்திருக்கிறான், மைதானத்துக்குப் போடுகிற சத்தத்தில். உங்களுக்குக் கொடுத்ததை என்னிடம் சொல்லவில்லை, எனக்குக் கொடுத்ததை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான். சொன்னால் நாம் சண்டை போடுவோம் என்று பயம். நீங்கள் ஜூன் பிறக்கும்போது வந்தீர்கள். எனக்குச் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் ஜூன் பிறந்துதான்.

ஒரு மாதமாகப் பள்ளத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து நீங்களும் நானும்தான் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். பேசவே மாட்டேன் என்று சபதம் போட்ட இரண்டு பேர்.

வருகிற புதன்கிழமை நான் ஸ்பீக்கரைத் தொட மாட்டேன். கேட்கிறதா பாருங்கள். கேட்கவில்லையென்றால் நான் சொன்னது சரி.

ஆனால் ஒன்று. இது நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். உங்கள் கடிதம் குழுவிடம் போய்விட்டது. இரண்டு ஆண் தவளைகள் என்று எழுதியாகிவிட்டது. அது அப்படியே இருக்கட்டுமே. தூண் வராது, பாறை தப்பும், பாசி தப்பும். யாருக்கு நஷ்டம்? நான் வாயைத் திறக்க மாட்டேன். நீங்களும் திறக்காதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன், மூன்று வருஷத்தில் முதல் தடவை.

வாலு


கிழக்குச் சரிவு முகாம்
ஜூலை 22

வாலு,

நீ சொன்ன புதன்கிழமை ஒன்றும் கேட்கவில்லை. பனி வந்தது, போனது. வியாழன் கேட்டது. உன் ஸ்பீக்கர் நன்றாக வேலை செய்கிறது என்று உன் அண்ணனிடம் சொல்லலாம்.

சிரித்தேன். கூடாரத்தில் தனியாக உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன். அது எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. இரண்டு என்று நினைத்தது பூஜ்யமாகிவிட்டது. இத்தனை வருஷம் இந்தத் தவளைக்காக உழைத்துவிட்டு, கடைசியில் நம் இரண்டு பேர் சத்தத்தைத் தவிர இந்த மலையில் எதுவும் இல்லை என்றால் என்ன செய்வது?

நீ கெஞ்சிக் கேட்டதற்குப் பதில் சொல்லவேண்டும். உனக்குப் பிடிக்காது. என் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். உன்னைக் கேட்டுக்கொண்டு செய்யவில்லை, கேட்டால் நீ விடமாட்டாய். எப்படி ஏமாந்தோம் என்று விவரமாக எழுதி, தும்மலைக்கூட விடாமல் எழுதி அனுப்பிவிட்டேன்.

ஏன் என்று கேள். ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ குழு ஆட்கள் அவர்களுடைய கருவியோடு வந்து உட்காருவார்கள். நாலு நாள் உட்கார்ந்தால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். அதன் பிறகு நிஜத் தவளை அவர்கள் மடியில் ஏறி உட்கார்ந்து கத்தினாலும், இதுவும் அந்த அம்மாக்கள் வேலைதான் என்பார்கள். தூண் போட்டுவிட்டால் தூணோடு சண்டை போடலாம். நம் சொல் செல்லாக்காசாகிவிட்டால் எதை வைத்துச் சண்டை போடுவது?

குழுத் தலைவர் பதில் போட்டிருக்கிறார். சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன், எழுத்தில் காட்டவில்லை. படம் பிடித்து அனுப்பினால் ஒப்புக்கொள்ள முடியாதாம். அது நியாயம்தான், சாம்பல் தவளை பார்க்க அச்சாக இதே மாதிரி இருக்கும், முட்டையும் பாசியில்தான் போடும். குரல் மட்டும்தான் வேறு. அதனால் நிபந்தனை இது: ஸ்பீக்கர் எதுவும் இல்லாமல், இரண்டு பேர் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் தங்கள் காதால் கேட்டுப் பதிவு செய்து, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். செப்டம்பர் கடைசிக்குள்.

இந்த மலையில் இப்போது இரண்டு பேர்தான் இருக்கிறோம்.

அண்ணி


மேற்குச் சரிவு
ஜூலை 29

அண்ணி,

என் மலையை நீங்கள் கைகழுவிவிட்டீர்கள். உங்களுக்கு நேர்மை பெரிது, எனக்குப் பாறை பெரிது. உங்களோடு ஒரே இடத்தில் உட்காருவதைவிட ரோப் காரில் ஏறிப் போய்விடலாம்.

ஸ்பீக்கரை மூட்டை கட்டி வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அண்ணன் தலையிலேயே கட்டட்டும். உங்களுடையதையும் அணைத்து வையுங்கள். இனிமேல் உங்கள் சத்தம் எனக்குக் கேட்கக் கூடாது.

வாலு


மேற்குச் சரிவு
ஆகஸ்ட் 24

அண்ணி,

போன கடிதத்தில் எழுதியதை நான் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன், வேறு வேலை வந்திருக்கிறது.

ஸ்பீக்கர் போன பிறகு எனக்கு மத்தியானத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை. சும்மா போய் ஈரப்பாறை பக்கத்தில் உட்கார்ந்தேன். தேடவில்லை, எண்ணவில்லை, கல்லைப் புரட்டவில்லை. கோபத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். இரண்டு வாரம் இப்படிப் போனது. ஒரு நாள் பாசிக்குள் ஊறிய ஜவ்வரிசி மாதிரி ஒரு கொத்து முட்டை. மேலே அப்பன்காரன் உட்கார்ந்து அதை ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். என் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை.

சாம்பல் தவளையாகத்தான் இருக்கும் என்று மனசை அடக்கிக்கொண்டேன். நேற்று பனி ஏறும்போது, வேறொரு பக்கம், பாசிக்கு உள்ளேயிருந்து ஒரு தட்டு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. மெல்லிய சத்தம், இன்னும் குரல் உடையாத சின்னப் பையன் பேசுகிற மாதிரி. ஆனால் கூழாங்கல் சத்தம்தான், அண்ணி. சாம்பல் தவளை கீச்சென்று இழுக்கும், தட்டாது.

அப்போதுதான் உறைத்தது. நம் பதிவில் இருப்பது அந்தக் காலத்து மலை முழுக்க இருந்ததிலேயே பெரிய ஆண். தாதா. அந்தக் குரலை மைதானத்து ஸ்பீக்கரில் போட்டு, இரண்டு பக்கச் சரிவிலும், தினமும், பனி ஏறுகிற நேரம் பார்த்து அலற விட்டிருக்கிறோம். இவ்வளவு பெரிய ஆள் இரண்டு பேர் இருக்கிற இடத்தில் இந்தச் சின்னப் பயல் வாயைத் திறப்பானா? உயிர்மேல் ஆசை இருக்காதா? நாம் கூப்பிட்டுக் கூப்பிட்டே அவர்கள் வாயை அடைத்திருக்கிறோம். கடைசியில் காணவில்லை என்று ஒப்பாரியும் வைத்தோம்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. யார்மேல் ஆத்திரம் என்று கேட்காதீர்கள்.

நான் ஒருத்தி கேட்டது செல்லாது. நீங்கள்தான் நிபந்தனை வாங்கி வைத்திருக்கிறீர்கள். வாருங்கள். ஐஸ் பெட்டி வேண்டாம். அதைப் பார்த்தால் நான் மனுஷியாக இருக்க மாட்டேன்.

வண்டிக்காரர் சொல்கிறார், கீழே சாலையில் மண் சரிய ஆரம்பித்துவிட்டதாம், இதுதான் கடைசி நடையாக இருக்கலாமாம். சீக்கிரம் கிளம்புங்கள்.

வாலு


கிழக்குச் சரிவு முகாம்
செப்டம்பர் 3

வாலு,

உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வண்டிக்காரர் இறங்கிப் போனார். மறுநாள் சாலை மூடிவிட்டது. சரி செய்ய எப்படியும் ஒரு மாதம் ஆகும். குழு அதற்குள் கூடிவிடும். பதிவு மட்டும் கிடைத்துவிட்டால், நீ நடந்தே மலையிறங்கிக் குழுவிடம் சேர்த்துவிடலாம்.

ஆகவே பள்ளத்தில் இறங்கி ஏறி வருகிறேன். ஜூனில் நீ என்னை மிரட்டியதை நானே செய்கிறேன். என் முழங்கால் இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை, அதனிடம் கேட்கவும் இல்லை. உன் அண்ணனுக்குத் தெரிந்தால் குதிப்பார், தெரிய வழியில்லை, அதுவரை நிம்மதி.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவர ஆள் இல்லை. அதனால் நானே கொண்டுவந்து உன் கையில் கொடுப்பேன். முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச வராது, உனக்குப் பேச்சு அதிகமாக வரும். நீ படித்து முடிக்கிற வரை வாசலிலேயே நிற்கிறேன்.

ஐஸ் பெட்டியை இங்கேயே விட்டுவிட்டேன். உனக்குப் பயந்து இல்லை. குளிர் அறை தேவையே இல்லை என்று நான் இன்னும் சொல்லவில்லை, அந்தச் சண்டையை விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். ஆனால் பாறை இருக்கிற வரைக்கும் பாறைதான் முதல். இதை மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம், நீ கொலைகாரி என்ற பிறகு எனக்கு வாய் வரவில்லை. அந்த வார்த்தை இன்னும் குத்துகிறது. நீ அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வாயா என்று கேட்க வரவில்லை. தவளையைக் கேட்க வருகிறேன்.

பள்ளத்து ஓடையைத் தாண்டியதும் பூட்ஸை மருந்துத் தண்ணீரில் கழுவிவிடுவேன். என் பக்கத்துக் கிருமி உன் பக்கத் தவளைகளுக்கு ஒட்டாது. கைக்குட்டை நிறைய எடுத்து வை. இரண்டு நாளாகப் பனி கடுமை, மூக்கு ஆரம்பித்துவிட்டது.

படித்து முடித்தாயா? உள்ளே வரலாமா?

அண்ணி


மேற்குச் சரிவு, ஈரப்பாறை
செப்டம்பர் 13
(ஒரே தாள், இரண்டு கையெழுத்து)

அண்ணி, பேசாதீங்க. மூச்சுகூட மெதுவா. ஏதாவது சொல்லணும்னா இதுல எழுதுங்க. வாலு.

ஒரு வாரமா அதைத்தானே செய்யறேன். உன் கூட உட்கார்ந்து இவ்வளவு நேரம் நான் வாயை மூடிட்டு இருந்தது இதுதான் முதல் தடவை.

எனக்கும்தான். முழங்கால் எப்படி?

மரத்துப்போச்சு. நல்லது, வலி தெரியல. வாலு, அந்த முட்டைக் கொத்து பிரிஞ்சிருக்கு பாரு. குட்டிங்க வெளியே வந்துட்டுது.

பார்த்தேன். அரிசி அளவுகூட இல்ல. காலும் கையும் முழுசா இருக்கு.

வால் இல்லாமலே பிறக்குதுங்க. உங்க வீட்டுல வாலோட பிறந்தது நீ ஒருத்திதான்.

சிரிப்பு மூட்டாதீங்க, ஓடிடும். பனி ஏறுது. ரெக்கார்டரை ஆன் பண்ணிட்டேன்.

வாலு, எனக்குத் தும்மல் வருது.

வேண்டாம் அண்ணி. மூக்கைப் பிடிங்க. கைக்குட்டை இந்தாங்க.

பிடிச்சிருக்கேன்.

அண்ணி, கேட்டுதா? ஒண்ணு.

கேட்டது. ரெண்டு. மூணு. அந்த வெள்ளைப் பாசிக்கு அடியில.

நாலு. எழுதாதீங்க, மூக்கைப் பிடிங்க. அஞ்சு.

வாலு, மன்னிச்சுக்கோ. அடக்க முடியல. எல்லாம் போச்சு. சாலை இல்ல, நாளும் இல்ல. என் மூக்கை அறுத்துப் போடணும்.

எழுதறதை நிறுத்துங்க. கேளுங்க.

தட்டுது. மறுபடி தட்டுது. ரெண்டு.

ரெண்டு. அழாதீங்க, தாள் நனையுது. அந்தப் பக்கம் இன்னொண்ணு பதில் சொல்லுது, கேட்குதா? நாம போட்டது இல்ல.

கேட்குது. ரெண்டு பேரும் கேட்டோம். கீழே கையெழுத்துப் போடு. ஆனா அந்தப் பதிவுல நடுவுல என் தும்மல் பலமா விழுந்திருக்கும். அதை மட்டும் வெட்டிட்டு அனுப்பலாமா?

போடி தும்மல். அதுல கை வச்சே, பள்ளத்துல தள்ளிடுவேன். அப்படியே அனுப்புடி.